தொட்டி எலுமிச்சையில் பூச்சியும் இலை உதிர்வும்: பெங்களூரு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லால்பாகில் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி முடிந்து இரண்டு வாரம் ஆனால் போதும், இந்தக் கேள்விகள் வரிசையாக வரும். கேட்பவர்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது. அதனால் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறோம். நாட்டு எலுமிச்சை, விதையில்லா எலுமிச்சை, நார்த்தை, கிடாரங்காய், நர்சரிகளில் 'சைனா ஆரஞ்சு' என்று விற்கும் கலமாண்டின், தொட்டிச் சாத்துக்குடி என்று எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அளவுகள் 12 அங்குலத் தொட்டியை வைத்துச் சொன்னவை.

1. நர்சரியில பச்சைப்பசேல்னு இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாள்ல இலையெல்லாம் கொட்டுது. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. சித்தாபுரா நர்சரியில் நாள் முழுக்க வெளிச்சத்தில் நின்ற செடி உங்கள் பால்கனியில் இரண்டு மணி நேர வெயிலுக்கு வந்திருக்கிறது. அத்தனை இலைக்கும் சாப்பாடு போட இங்கே வெளிச்சம் போதாது. ஆகவே செடி ஆள்குறைப்பு செய்கிறது. ஹாலில் ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளி வைத்தால் நம் கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத்தான் தெரியும், செடிக்கு அது இருட்டு. எலுமிச்சைக்கு ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கிழக்கு அல்லது தெற்குப் பார்த்த பால்கனியின் கம்பி ஓரம்தான் அதற்கு இடம். இடம் முடிவானபின் வாரத்துக்கு ஒரு மூலை என்று நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அது மறுபடி இலையைக் கொட்டும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. நர்சரி பையில் இருப்பது இறுகிய செம்மண். அதை அப்படியே எடுத்துத் தேங்காய் நார்த்தூள் கலந்த மண்ணில் வைத்தால், ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள பொலபொல மண்ணில் இறங்கி ஓடிவிடும். நடுவிலிருக்கும் வேர்க்கட்டி செங்கல்லாகக் காய்ந்து கிடக்கும். ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைத் தண்டுக்குப் பக்கத்தில் குத்திப் பாருங்கள். இறங்காமல் முரண்டினாலோ, உலர்ந்து வெளியே வந்தாலோ, தொட்டியோடு தூக்கி ஒரு வாளித் தண்ணீரில் இருபது நிமிடம் வையுங்கள். குமிழி நின்றதும் எடுத்து முழுக்க வடியவிடுங்கள். ஒரு தடவை போதும்.

2. உதிர்ந்த இலையைப் பார்த்தே காரணம் சொல்லிட முடியுமா?

ஓரளவுக்கு முடியும். மருந்து வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒரே வேலை இதுதான். கீழே கிடக்கும் இலைகளில் பத்தைப் பொறுக்கி ஒரு வெள்ளைத் தாளில் பரப்புங்கள்.

கிளையின் அடிப்பக்கத்து முதிர்ந்த இலைகள், ஒரே சீராக மஞ்சளாகி, மாதத்துக்கு ஐந்தாறு விழுந்தால் அது வயது. எலுமிச்சை இலைக்கு ஆயுள் ஒன்றிரண்டு வருடம்தான். பிப்ரவரி, மார்ச்சில் புதுத் துளிர் வரும்போது பழசு கொஞ்சம் கூடுதலாகவே விழும். பச்சையாகவே, நோயில்லாத இலை விழுந்தால் அதிர்ச்சி: இடமாற்றம், வேர் அறுபட்டது, ஒருநாள் ஒரேயடியாகக் காய்ந்தது. சுருண்டு மொறுமொறுவென்று விழுந்தால் தண்ணீர் பற்றவில்லை. மண் ஈரமாக இருக்கும்போதே இலை மஞ்சளாகித் துவண்டால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. இந்த நான்கிலும் பூச்சி கிடையாது, எந்த மருந்தும் உதவாது.

இலையில் ஊசிமுனைப் புள்ளிகள், அடியில் வெள்ளைப் பஞ்சு, பழுப்புக் கொப்புளம், மேலே பிசுபிசுப்பு அல்லது கரி பூசினது போல் கறுப்பு, இவற்றில் ஏதாவது தெரிந்தால்தான் பூச்சியைத் தேடவேண்டும்.

3. தினமும் ஒரு சொம்பு ஊத்துறேன். கரெக்டா?

தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் கணக்கே அது இல்லை. தினமும் கொஞ்சமாக ஊற்றினால் மேல் மண் எப்போதும் ஈரம், அடி மண் எப்போதும் வறட்சி. விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால், அடித்துளையில் தண்ணீர் வெளிவரும் வரை ஊற்றுங்கள். ஒன்றரை லிட்டர் பிடிக்கலாம். தட்டில் தேங்கியதை அரை மணிக்குள் கொட்டிவிடுங்கள். ஏப்ரலில் இது ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். ஜூலையில் மேகம் மூடிக் கிடக்கும்போது வாரத்துக்கு ஒரு தடவையே அதிகம். கோடைக்குப் பழகின கை மழைக்காலத்திலும் அதே சொம்பைத் தூக்குவதுதான் இந்த ஊரில் வேர் அழுகலுக்கு முக்கியக் காரணம்.

4. எங்க அபார்ட்மென்ட்ல போர் தண்ணிதான். செடிக்கு ஆகுமா? ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணியை ஊத்தலாமா?

ஆர்.ஓ. கழிவுநீர் எலுமிச்சைக்கு வேண்டாம். குடிதண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. பழமரங்களிலேயே உப்பைத் தாங்காத கூட்டம் எலுமிச்சை. 2024 கோடைத் தட்டுப்பாட்டில் பலரும் வேறு வழியில்லாமல் இதை ஊற்றினார்கள். வீணாக்க மனமில்லை என்றால் வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீரைக் கொடுக்கலாம், கவனத்தோடு. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று, அடுக்ககத்தின் 'சாஃப்ட்னர்' இயந்திரம். உப்பு மூட்டை போட்டு ஓட்டும் அந்த வகை, சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத் தருகிறது. சோப்பு நுரைக்கும், குழாயில் வெள்ளை படியாது, செடிக்கு மட்டும் மெதுவாக விஷம். இலை நுனியும் விளிம்பும் பழுப்பாகக் கருகி, பிறகு உதிரும். சாஃப்ட்னருக்கு முந்திய குழாய் தோட்டத்தில் இருக்கிறதா என்று பராமரிப்பு ஆளிடம் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

காவிரித் தண்ணீர் வந்தால் அதையே கொடுங்கள். இரண்டுக்கும் வழியில்லாதவர்கள் ஜூன் முதல் அக்டோபர் வரை தொட்டியை மழையில் நனைய விடுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, சேர்ந்த உப்பு அடித்துளை வழியே கழுவிப் போகட்டும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் அதற்கு நேரம் வந்துவிட்டது.

5. இலை மஞ்சளா இருக்கு, நரம்பு மட்டும் பச்சை. என்ன சத்துக் குறைவு?

எந்த இலை என்று முதலில் பாருங்கள். புது இலை என்றால் இரும்பு. மண்ணில் இரும்பே இல்லை என்று அர்த்தமில்லை. 4-ல் சொன்ன போர் தண்ணீர் மாதிரி சுண்ணாம்பு கூடிய கடினத் தண்ணீர், மண்ணின் பி.எச். அளவை (புளிப்பு, காரத்தின் அளவு) 7-க்கு மேலே ஏற்றியிருக்கும், அதற்கப்புறம் வேரால் இரும்பை எடுக்க முடியாது. துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதால் ஒன்றும் ஆகாது. இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு 2 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வேரில் ஊற்றுங்கள். மலிவான இ.டி.டி.ஏ. வகையை இந்த மண்ணில் ஊற்றினால் பலனில்லை. அதை லிட்டருக்கு அரை கிராம் வீதம் இலையில் தெளிக்கலாம்.

பழைய இலையில், காம்புப் பக்கம் மட்டும் தலைகீழ் 'வி' வடிவில் பச்சை மிஞ்சியிருந்தால் மெக்னீசியம். எப்சம் உப்பு ஒரு டீஸ்பூனை லிட்டரில் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று தடவை. இலை சிறுத்து, நரம்பிடைகளில் வெளிர்மஞ்சள் திட்டுகள் வந்தால் துத்தநாகம். தனித்தனியாக வாங்க அலுப்பாக இருந்தால், ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் எலுமிச்சை இனத்துக்கென்றே உருவாக்கிய நுண்ணூட்டக் கலவை இருக்கிறது. பொட்டலத்தில் போட்ட அளவைத் தாண்டவேண்டாம்.

6. இலைக்கு அடியில பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கு. பூஞ்சையா?

பூஞ்சை இல்லை, மாவுப்பூச்சி. தொட்டால் பிசுபிசுக்கும், நசுக்கினால் சாறு வரும். காம்பும் தண்டும் சேரும் இடுக்கு, காயின் காம்படி, இலையின் நடுநரம்பு ஓரம், இவைதான் அதன் வீடு. பத்திருபது இருக்கும்போதே பிடித்தால் மருந்தே வேண்டாம். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். வெள்ளை கரைந்து பழுப்பாகும், செத்துவிட்டது என்று அர்த்தம். பத்து நிமிடம் கழித்துத் தண்ணீரால் கழுவுங்கள். வெயில் நேரத்தில் செய்யாதீர்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் முதல் நாள் கண்ணில் படாது.

பழுப்புக் கொப்புளம் போல் அசையாமல் ஒட்டியிருப்பது செதில் பூச்சி. அதன் ஓட்டுக்குள் தெளிப்பு இறங்காது. பழைய டூத் பிரஷ்ஷைச் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்து எடுத்தபிறகுதான் 8-இல் சொல்லும் வேப்பெண்ணெய்.

7. எறும்பு ஏறி ஏறி இறங்குது, இலையெல்லாம் கரி பூசின மாதிரி. எறும்புதானே இலையைத் தின்னுது?

எறும்பு இலையைத் தின்னவில்லை, மாடு மேய்க்கிறது. அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி எல்லாம் சாறு குடித்து இனிப்புக் கழிவை விடும். அந்தத் தேனுக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும், புதுக் கிளைக்கு இடம் மாற்றும், அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டும். அதே தேன் இலையில் சிந்திய இடத்தில் வளர்வதுதான் கரும்பூசணம். அதற்குப் பூஞ்சைக்கொல்லி தேவையில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், பூச்சி இருக்கும்வரை மறுபடி வரும்.

தண்டின் அடியில் மூன்று விரல் அகலத்துக்கு நெகிழித் தாளைச் சுற்றி, ஒட்டுநாடாவால் கட்டி, அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவாதீர்கள். இலைகளோ கிளைகளோ சுவரையும் கம்பியையும் தொடாமல் பாருங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்தப் பாலத்தில் வரும்.

8. வேப்பெண்ணெய் அடிச்சேன், இலை கருகிடுச்சு. அளவு என்ன?

பெரும்பாலும் அளவு தப்பவில்லை, எண்ணெய் கரையவில்லை. எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றி ஆட்டினால் மேலே வட்டம் வட்டமாக மிதக்கும். தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் சுத்த எண்ணெயும் வரும். அந்தக் கடைசி இலைகள்தான் கருகும்.

சின்னக் கிண்ணத்தில் 5 மில்லி வேப்பெண்ணெயும் 2 மில்லி காதிச் சோப்புக் கரைசல் மாதிரி மிதமான திரவச் சோப்பும் எடுத்து, மோர் நிறம் வரும்வரை கலக்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைக் கால் லிட்டர் சேர்த்துக் கலக்கியபின், மீதி முக்கால் லிட்டரைச் சேருங்கள். பாத்திரம் துலக்கும் திரவம் கடுமையானது, இலையின் மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். டிசம்பரில் இந்த ஊர்க் குளிருக்கு வேப்பெண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து நிற்கும். வெந்நீரில் பாட்டிலை வைத்து இளக்குங்கள், அடுப்பில் காட்டாதீர்கள்.

முதலில் இரண்டு இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லையென்றால் மாலை வெயில் சாய்ந்தபின், இலையின் அடிப்பக்கம் சொட்டும்வரை தெளியுங்கள். வாடிய செடியிலும் விரிந்த பூவிலும் வேண்டாம். கலந்த கரைசலை அன்றே முடியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று தடவை. ஒரே தடவையில் முட்டை சாகாது, அதனால்தான் மூன்று. இளம் துளிருக்கு 5-க்குப் பதில் 3 மில்லி. கீழ்வீட்டுக் கொடியில் துணி காயாத நேரம் பார்த்து அடிப்பது உங்கள் நல்லதுக்கு.

9. மார்ச், ஏப்ரல் வந்தாலே இலை சாம்பல் பூத்துக் கொட்டுது. பூச்சியே தெரியலை.

சிவப்புச் சிலந்தி. பெங்களூருவின் பிப்ரவரி முதல் மே வரையான வறண்ட காற்றும், கண்ணாடி மூடிய பால்கனியின் சூடும் அதற்குச் சொர்க்கம். இலையை வெள்ளைத் தாளின் மேல் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகளில் ஏதாவது நடந்தால் சிலந்தி. விரலால் இழுத்துப் பார்த்தால் செம்பழுப்புக் கோடு விழும்.

மூன்று நாளுக்கு ஒருமுறை குளியலறை ஷவரில் இலையின் அடிப்பக்கத்தைப் பலமாகக் கழுவுங்கள் (மண்ணை நெகிழித் தாளால் மூடிக்கொண்டு). பாதிச் சிக்கல் அதிலேயே தீரும். தீராவிட்டால் நனையும் கந்தகத் தூள் 80 சதவீதம், லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வேப்பெண்ணெய் அடித்து மூன்று வாரத்துக்குள் கந்தகம் அடிக்கக் கூடாது, கந்தகம் அடித்தபின் வேப்பெண்ணெய் அடிக்கவும் அதே இடைவெளி. இரண்டும் இலையில் சேர்ந்தால் கருக்கும். 32 டிகிரிக்கு மேலே வெயில் போகும் நாளிலும் கந்தகம் வேண்டாம்.

10. புது இலையில பேனாவால கிறுக்கின மாதிரி வெள்ளிக் கோடு. இலையை வெட்டிப் போட்டுடலாமா?

வெட்டாதீர்கள். இலைத் துளைப்பானின் புழு இலையின் இரு தோலுக்கு நடுவே சுரங்கம் போட்ட தடம் அது. சுருண்டு அசிங்கமாக இருந்தாலும் அந்த இலை வேலை செய்கிறது. ஏற்கெனவே இலை குறைந்த செடியில் அதையும் எடுத்துவிட்டால் நஷ்டம் செடிக்குத்தான். புழு உள்ளே இருப்பதால் இப்போது தெளித்தும் பயன் குறைவு. அடுத்த துளிர் ஒரு அங்குலம் நீண்டதும் 3 மில்லி வேப்பெண்ணெய், வாரம் ஒருமுறை, இலை கெட்டியாகும்வரை. கெட்டியான இலையில் அது முட்டையிடாது.

11. இலை மேல காக்கா எச்சம் மாதிரி இருந்துச்சு, அது நகருது!

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்ன வயதில் பறவை எச்ச வேஷம், கடைசியில் பச்சை நிறம், இரண்டு அங்குலம் வரை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு நீட்டி நாற்றம் விடும். கடிக்காது, கொட்டாது. நாலு புழு ஒரு வாரத்தில் சின்னச் செடியை மொட்டையாக்கும். ஆகவே கையால் பொறுக்குங்கள். மருந்து அடிப்பது இதற்கு அநியாயம். பக்கத்தில் பெரிய கறிவேப்பிலை மரம் இருந்தால் அங்கே விட்டுவிடலாம். ஒரே குடும்பத்துச் செடிதான், அதையும் தின்னும்.

12. நர்சரிக்காரர் ஒரு மருந்து கொடுத்து 'ரெண்டு மூடி ஊத்துங்க, எல்லாம் செத்துடும்'னார். ஊத்தலாமா?

பாட்டிலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத பாட்டில் என்றால் திருப்பிக் கொடுங்கள். மோனோகுரோட்டோபாஸ் என்று இருந்தால் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. காய்கறியில் அதைப் பயன்படுத்த 2005-லேயே தடை விதித்த கடும் நஞ்சு. இமிடாகுளோபிரிட் என்றால் அது செடிக்குள்ளே பரவும். பூவின் தேன் வழியே தேனீக்கும் போகும். ரசத்தில் பிழியப்போகும் பழம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டிச் செடி ஒன்றிரண்டுக்கு 6, 8, 9 போதும்.

13. இலை ஒண்ணுகூட இல்லை. செத்துப்போச்சா? உரம் போட்டா பிழைக்குமா?

நகத்தால் கிளைப்பட்டையை லேசாகச் சுரண்டுங்கள், நுனியிலிருந்து அடி நோக்கி. உள்ளே பச்சை தெரியும் இடம்வரை உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்ததை வெட்டிவிடுங்கள்.

உரம் போடாதீர்கள். இலையில்லாத செடி தண்ணீரையும் அதிகம் இழுக்காது. பரிதாபப்பட்டு ஊற்ற ஊற்ற வேர் அழுகும், கொட்டியபின் செடி சாவது பெரும்பாலும் இதனால்தான். மண் பாதி ஆழம் காய்ந்தபின்தான் தண்ணீர். உச்சி வெயில் படாத வெளிச்சமான இடம். மண் புளித்த வாடை அடித்தால் தொட்டியைக் கவிழ்த்து, கறுத்து வழவழத்த வேரைக் கத்தரித்து, செம்மண் 4 பங்கு, மட்கிய உரம் 3, நார்த்தூள் 2, ஆற்றுமணல் அல்லது பெர்லைட் 1 என்ற கலவையில் மாற்றுங்கள். நான்கிலிருந்து எட்டு வாரத்தில் துளிர் வரும். அந்தத் துளிர் கெட்டியானபின் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 2 கிராம், 15 நாளுக்கு ஒருமுறை.

14. அடியிலேர்ந்து முள்ளு முள்ளா ஒரு கிளை ராக்கெட் வேகத்துல வளருது. பிழைச்சிடுச்சுன்னு சந்தோஷப்படலாமா?

அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தண்டில் மண்ணுக்கு ஒரு சாண் உயரத்தில் ஒட்டுக் கட்டிய வீக்கம் இருக்கும். அதற்குக் கீழே முளைத்தால் அது நீங்கள் வாங்கிய ரகம் இல்லை, வேர்ச்செடி. வெளிநாட்டுப் பக்கங்களில் 'மூன்று இலை சேர்ந்து வந்தால் வேர்ச்செடி' என்று படித்துக் குழம்புகிறார்கள். இங்கே ஒட்டுக்கு அதிகம் எடுப்பது ரங்கபுரி எலுமிச்சை, ஜம்பேரி போன்றவை, இலை நம் எலுமிச்சை இலை போலவேதான் இருக்கும். ஒட்டு வீக்கத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும். கீழே வந்ததை அடியோடு பிய்த்துவிடுங்கள். வெட்டினால் மறுபடி தளிர்க்கும்.

15. இரும்பு, துத்தநாகம், எப்சம் எல்லாம் கொடுத்தாச்சு. தண்ணி மாத்தியாச்சு. ஆனாலும் திட்டுத் திட்டா மஞ்சள், காய் கோணலா வருது.

ஒரு இலையை நடுநரம்போடு நீளவாக்கில் மடித்து இரண்டு பாதியையும் ஒப்பிடுங்கள். சத்துக் குறைவு என்றால் இரு பக்கமும் ஒரே அச்சு. இடது பாதியில் ஒரு மாதிரி, வலது பாதியில் வேறு மாதிரி மஞ்சள் என்றால் 'கிரீனிங்' என்ற பசுமை நோயைச் சந்தேகிக்கவேண்டும். ஒரே ஒரு கிளை மட்டும் முதலில் மஞ்சளாவது, காய் கோணலாகிக் கசப்பது, காயின் அடிப்பக்கம் பழுக்காமல் பச்சையாகவே நிற்பது, இவையும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். இதைப் பரப்புவது சிலிட் என்னும் தத்துப்பூச்சி. எள்ளளவுதான் இருக்கும், துளிரில் பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்ந்து உட்காரும், அதன் குஞ்சுகள் மெழுகு நூல் விடும்.

இந்த நோய்க்கு மருந்து இல்லை. பக்கத்து வீட்டு எலுமிச்சைக்குப் போவதற்குள் செடியை எடுத்துவிடுவதுதான் வழி. முதலில் 8-இல் சொன்னபடி தெளித்துப் பூச்சியைக் கொன்றுவிட்டு, அப்புறம் வெட்டுங்கள். இல்லாவிட்டால் வெட்டும்போதே பறந்து அடுத்த செடிக்குப் போகும். வேலிக்கு வைக்கும் காமினிச் செடியும் கறிவேப்பிலையும் அதற்குப் பிடித்தவை, அவற்றின் துளிரையும் பாருங்கள். நோய் மண் வழியே பரவாது. வேரைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தொட்டி மண்ணில் தக்காளியோ கீரையோ போடலாம்.